ஐந்து ஏக்கர் காப்பிக்கு எத்தனை வாடிக்கையாளர் வேண்டும்?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பதியர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தங்கள் தோட்டத்துக் கொட்டையைத் தாங்களே வறுத்து அரைத்து, மிளகோடு சேர்த்துச் சாலையோரக் கடையில் விற்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வருவோர் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் விற்பனை மந்தம். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிப் படங்கள் போட்டும் ஆர்டர் வரவில்லை. சேலத்தில் ஒரு விளம்பர நிறுவனம், மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் பத்தாயிரம் பின்தொடர்வோரைக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா என்பது முதல் கேள்வி. வேண்டாமென்றால் வேறென்ன செய்வது என்பது இரண்டாவது.

ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த நிறுவனம் நேர்மையற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சொன்ன எண்ணிக்கையை அவர்கள் கொண்டுவந்தே தந்தாலும் அது உங்களுக்குத் தேவையில்லாத எண்ணிக்கை என்பதற்காகச் சொல்கிறேன். விளம்பரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் தோட்டத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு அராபிக்கா வகைக் காப்பித் தோட்டங்களின் சராசரி விளைச்சல், பதப்படுத்திய பச்சைக் கொட்டையாக, பொதுவாக ஏக்கருக்கு 200 கிலோவைத் தொடுவதில்லை. உங்கள் தோட்டத்துக்கு 180 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஏக்கருக்கு 900 கிலோ. வறுக்கும்போது ஈரம் போய் எடையில் ஆறில் ஒரு பங்கு குறையும். மிஞ்சுவது 750 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி சேரும்படி கலந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 940 கிலோ பொடி உங்கள் கையில் இருக்கும்.

இனி வாங்குபவர் பக்கம் வாருங்கள். இருவர் காலையும் மாலையும் ஃபில்டர் காப்பி குடிக்கும் வீட்டில், டம்ளருக்குப் பத்து கிராம் என்றாலும் நாளொன்றுக்கு 40 கிராம் பொடி செலவாகும். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ என்றே கொண்டால் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 12 கிலோ வாங்கும். உங்கள் முழு விளைச்சலையும் தீர்க்க 80 குடும்பங்கள் போதும். அந்த 80 பேர் ஏற்கெனவே உங்கள் கடை வாசலில் காரை நிறுத்தி, பொடியை முகர்ந்து பார்த்து, வாங்கிக்கொண்டு மலையிறங்கியவர்கள்தான். மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். 940 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 190 ரூபாய்க்கு மேல் விளம்பர நிறுவனத்துக்கே போகும். இந்தச் சுமையை எந்தச் சிறு தோட்டமும் தாங்காது.

ஆகவே உங்கள் குறை விளம்பரக் குறை அன்று. வந்தவர் திரும்பி வாங்க வழியில்லாத குறை. ஏற்காட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவருக்குக் காப்பிப் பொடி பதினைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த அன்று அவர் ஓசூரிலோ திருப்பூரிலோ தம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் எண் அவர் கண்ணில் பட வேண்டும். இதுதான் முழு வேலையும். இன்ஸ்டாகிராம், கூகுள், வாட்ஸ்அப் எல்லாம் இதற்கு உதவும் அளவுக்கே உதவும்.

பாக்கெட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் எண்ணும் பெயரும் கவரில் அழகாக அச்சாகியிருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளில் காப்பிப் பொடிக் கவருக்கு என்ன நேர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வாங்கி வந்த மறுநாள் காலை ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, பொடியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, அடியில் ஒட்டியிருப்பதையும் தட்டி எடுத்தபின் கவர் குப்பைக்குப் போய்விடும். அடுத்த பதினைந்து நாளும் அந்த வீட்டில் உங்கள் பொடி இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. இதற்காக ஒவ்வொரு கவரிலும், பொடி படாதபடி வெளி மடிப்பில், டப்பாவின் மூடியில் ஒட்டக்கூடிய வட்டமான ஸ்டிக்கர் ஒன்றை வையுங்கள். அதில் தோட்டத்தின் பெயர், வாட்ஸ்அப் எண், சிக்கரி அளவு ஆகிய மூன்றும் போதும். வறுத்த தேதியை மட்டும் பேனாவால் எழுதுங்கள். கையால் எழுதிய தேதி, சரக்கு பழையதில்லை என்பதை அச்செழுத்தைவிட நன்றாகச் சொல்லும். மொத்தமாக அச்சடித்தால் ஸ்டிக்கர் ஒன்றின் விலை மிகச் சொற்பம். உங்கள் தொழிலில் இதற்கு நிகரான விளம்பரம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது வாட்ஸ்அப். சாதாரண வாட்ஸ்அப்பில் கடை நடத்தாதீர்கள். கடைக்கென்று தனி எண் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள், அது இலவசம். அதில் பொருள் பட்டியல் ஒன்றை விலையோடும் படத்தோடும் வைக்கலாம். 500 பொருள் வரை இடமுண்டு என்றாலும் உங்களுக்கு ஆறுக்கு மேல் தேவையில்லை: சிக்கரி இல்லாதது, 20 சதவீதம் கலந்தது, பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை), முழுக்கொட்டை, மிளகு, பரிசுப் பொதி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் போடும் வசதியும் அதில் இருக்கிறது. ‘ஃபில்டர் அரைப்பு’, ‘சிக்கரி வேண்டாம்’, ‘பெங்களூரு’ என்று குறித்து வைத்துவிட்டால், அவர் அடுத்த முறை “ஒரு கிலோ அனுப்புங்கள்” என்று மட்டும் எழுதினால் போதும். என்ன அரைப்பு, எந்த முகவரி என்று நீங்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை. மறுபடி கேட்காமல் அனுப்புகிற கடையை யாரும் எளிதில் மாற்றுவதில்லை.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எண்ணைச் சேமிக்காதவருக்கு நீங்கள் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவருக்கு வந்திருக்காது. எனவே கடையில் பணம் வாங்கும் மேசை மேல் க்யூஆர் அட்டை ஒன்றை வைத்து, “இதை ஸ்கேன் செய்து ஒரு வணக்கம் அனுப்புங்கள், எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த வறுவலின்போது சொல்கிறோம்” என்று வாயால் சொல்லுங்கள். அவராகவே முதல் செய்தியை அனுப்புவதால் அனுமதியும் கிடைத்துவிடுகிறது. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய எண்களுக்கு அனுப்பினால் நாலு பேர் புகார் அழுத்துவார்கள், வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடும். அதோடு சேர்த்து வைத்த வாடிக்கையும் போகும்.

என்ன செய்தி அனுப்புவது? பண்டிகை வாழ்த்துப் படங்களும் காலை வணக்கமும் வேண்டவே வேண்டாம். மாதத்தில் இரண்டு நாளை வறுவல் நாளாக நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வியாழனும் மூன்றாம் வியாழனும் என்று கொள்வோம். அதற்கு மூன்று நாள் முன்பு இப்படி எழுதுங்கள்: “வணக்கம். வரும் வியாழன் காலை வறுக்கிறோம், வெள்ளியன்று பார்சல் போடுகிறோம். இந்த முறை பீபெரி கொஞ்சம் இருக்கிறது. வேண்டுபவர்கள் புதன் மாலைக்குள் அளவைச் சொன்னால் அரைத்து வைத்துவிடுவோம்.” இவ்வளவுதான். சேலத்தில் மாலை வேளையில் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிக்காரர் எந்த விளம்பரமும் செய்வதில்லை. அதே முனையில் அதே நேரத்துக்கு வந்து நிற்கிறார், கூட்டம் அவரைத் தேடி வருகிறது. உங்கள் வறுவல் நாளுக்கும் அந்த நிலைத்தன்மை வர வேண்டும். ஆர்டர் முன்கூட்டியே தெரிவதால் எவ்வளவு வறுப்பது என்பதும் தெரிந்துவிடும், பொடி தேங்கி மணம் போகாது.

பார்சலில் ஒரு சிறு கணக்கு. அஞ்சலிலும் கூரியரிலும் எடைப் படிகளை வைத்தே கட்டணம். அரை கிலோப் பொடியை அட்டைப் பெட்டியில் வைத்தால் எடை 500 கிராமைத் தாண்டி அடுத்த படிக்கு ஏறிவிடும். வாங்குபவருக்குப் பொடி விலையைவிட அஞ்சல் செலவுதான் கண்ணை உறுத்தும். ஒரு கிலோவாகவோ, இரண்டு அரைக் கிலோவோடு 200 கிராம் மிளகும் சேர்ந்த பொதியாகவோ வைத்து, அஞ்சல் செலவு உட்பட ஒரே விலையாகச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவரைப் பொறுத்தவரை உங்களுக்கு இன்ஸ்டாகிராமைவிடக் கூகுள் வரைபடமே முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து. படகுத்துறைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, மாலைக்குள் மலையிறங்க வேண்டிய ஒருவர், “அருகில் காப்பிப் பொடி எங்கே கிடைக்கும்” என்றுதான் கைபேசியில் தேடுகிறார். அவர் அப்போதே வாங்கும் மனநிலையில் இருப்பவர். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பெரும்பாலும் கடையைக் காணொளியாக எடுத்துக் காட்டச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்கள். தேடுவோருக்கு எந்தக் கடையைக் காட்டுவது என்பதைத் தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடையின் பெயர் பரவியிருக்கும் அளவு ஆகிய மூன்றை வைத்துத் தீர்மானிப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு வகையைச் சரியாகத் தேர்ந்து, பொருட்களையும் திறந்திருக்கும் நேரத்தையும் முழுமையாக நிரப்புங்கள். கடைப் பெயரோடு ‘ஏற்காட்டின் சிறந்த காப்பி’ என்று ஒட்டு வேலை செய்யாதீர்கள்; பெயர்ப் பலகையில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் சேர்ப்பது அவர்களது விதிக்கு முரண், பக்கத்தையே நிறுத்திவிடலாம்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். வரைபடத்தில் குறியீடு ஒரு வளைவு தள்ளி விழுந்துவிட்டால், வருகிறவர் திரும்ப இடமில்லாத குறுகலான பாதையில் மாட்டிக்கொள்வார். பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது. குறியீட்டை நீங்களே கடை வாசலில் நின்று சரிசெய்யுங்கள். எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும், எந்தக் கோயிலைத் தாண்ட வேண்டும், கார் நிறுத்த இடம் உண்டா என்பதை விவரத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வரும் கூட்டத்துக்காகக் கன்னடத்திலும் இரண்டு வரி எழுதினால் நல்லது. சேலத்திலிருந்து அந்த ஊர் 200 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, பார்சலும் விரைவாகப் போய்ச்சேரும்.

மதிப்புரைகளுக்காக யாருக்கும் தள்ளுபடி தராதீர்கள், உறவினரை எழுதச் சொல்லாதீர்கள். கூகுள் அதைத் தடைசெய்திருக்கிறது. அதோடு ஒரே வாரத்தில் குவியும் ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்தாலே மக்களுக்குப் புரிந்துவிடுகிறது. வாங்கியவரிடம் நேரில் கேளுங்கள், எழுதிய ஒவ்வொருவருக்கும் பதில் போடுங்கள். “பொடி நைசாக இருந்தது, ஃபில்டர் அடைத்துக்கொண்டது” என்று ஒருவர் குறை எழுதினால், “அடுத்த முறை ஒரு படி பெருவெட்டாக அரைத்துத் தருகிறோம், உங்கள் ஃபில்டரின் அளவைச் சொல்லுங்கள்” என்று எழுதும் பதில், அதைப் படிக்கும் மற்றவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்கிறேன். உங்கள் பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். மூடுபனி, ஏரி, சூரிய அஸ்தமனம், கோப்பையோடு ஒரு கை. இந்தப் படங்கள் ஏற்காட்டில் உள்ள எந்த விடுதியின் பக்கத்திலும் இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த வரலாற்றையும் இங்குள்ள எல்லோரும் எழுதிவிட்டார்கள். உங்களிடம் மட்டும் இருப்பது உங்கள் தோட்டத்தில் நடக்கும் வேலை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணத்து, சில நாளிலேயே உதிரும் காப்பிப் பூவைச் சேலத்தில் இருப்பவர்களிலேயே பலர் பார்த்ததில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. அன்றன்று பறித்த சிவந்த பழத்தைச் சாயங்காலம் பல்ப்பரில், அதாவது தோலுரிக்கும் இயந்திரத்தில், விட்டு, தோல் ஒரு பக்கமும் வழவழப்பான கொட்டை மறுபக்கமும் தண்ணீரோடு வந்து விழுவதை அரை நிமிடம் எடுங்கள். களத்தில் பார்ச்மென்ட்டை (உள்ளோடு நீக்காத கொட்டையை) காயவைத்துக் கையால் கிளறும் சலசலப்பு, வறுவலில் பச்சை மஞ்சளாகிப் பழுப்பாகும் நிறம், கொட்டை வெடிக்கும் ஓசை, வெவ்வேறு அரைப்புகளை விரலிடையில் தேய்த்துக் காட்டுவது, இவை ஒவ்வொன்றும் ஒரு ரீல். பருவம் தவறினால் அடுத்த ஆண்டுதான் என்பதால், அந்தந்தப் பருவத்தில் நிறைய எடுத்துச் சேமித்து வைத்து ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டாகப் போடுங்கள்.

வாய்ஸ் ஓவரை நீங்களே பேசுங்கள். ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கட்டும். எந்த ரகம் என்பதை, எஸ்.795-ஆ காவேரியா என்பதை, சொல்லுங்கள். மரநிழலில், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் இடையே காப்பி வளர்கிறது என்பதைக் காட்டுங்கள். மிளகும் தானாக விற்கும். திரைப்பாடல்களைப் பின்னணியில் போடாதீர்கள். தொழில் கணக்குகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஒலியை நீக்கிவிடுவார்கள், உரிமை வைத்திருப்பவர் வழக்கும் போடலாம். பல்ப்பரின் சத்தமே போதும்.

சொல்லும் வாசகங்களில் கவனம் வேண்டும். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் லேபிளில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கலந்த பொடிக்கு ‘சுத்தமான காப்பி’ என்று ரீலில் சொல்லிவிடக் கூடாது. சர்க்கரை நோய் குறையும், உடல் இளைக்கும் என்ற பேச்சும் வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும் விலையும் நிகர எடையும் முகவரியும் பாக்கெட்டில் இருப்பதைச் சரிபாருங்கள். உணவுப் பக்கம் நடத்தும் யாராவது இலவசமாகப் பொடி வாங்கிக்கொண்டு புகழ்ந்து பேச முன்வந்தால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். காசு கைமாறாமல் பொருள் மட்டும் கொடுத்தாலும் இது பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம்தருகிறது.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் எப்போது? மேலே சொன்னவற்றை இரண்டு மூன்று மாதம் செய்த பிறகு. பதிவைக் காசு கொடுத்துப் பலருக்குக் காட்டும் இன்ஸ்டாகிராமின் பூஸ்ட் பொத்தானை ஊருக்கே அழுத்தாதீர்கள். ஏற்கெனவே உங்கள் பக்கத்தைப் பார்த்து, விருப்பம் தெரிவித்து, செய்தி அனுப்பியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தொட்டதும் வாட்ஸ்அப்புக்கு வரும் வகை விளம்பரத்தை நாளுக்கு 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய். வந்த ஆர்டரை எண்ணுங்கள். விருப்பக்குறிகளை எண்ண வேண்டாம். ஒரு புதிய குடும்பத்தைப் பிடிக்க ஆன செலவு, அவர் முதல் மூன்று கிலோவில் தரும் லாபத்துக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் அந்தப் பணத்தை ஸ்டிக்கரிலும் நல்ல கவரிலும் போடுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தின்போது விளம்பரம் வேண்டியதில்லை, கூட்டம் தானாக வரும். ஜூன், ஜூலை மழையில் கடை காலியாக இருக்கும்போதுதான் வேண்டும்.

என்றைக்காவது ஒரு நிறுவனத்தை அமர்த்தினாலும், இன்ஸ்டாகிராம், கூகுள், விளம்பரக் கணக்கு மூன்றும் உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும். அவர்களுக்கு மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். நிறுவனமே தன் எண்ணில் பக்கத்தைத் தொடங்கி, ஒப்பந்தம் முறிந்ததும் தர மறுத்ததால், பல ஆண்டு சேர்த்த மதிப்புரைகளை இழந்த ஜவுளிக்கடை ஒன்றை சேலத்திலேயே எனக்குத் தெரியும்.

கடைசியாக, பெயரில் ‘ஏற்காடு’ என்று வைத்து அதைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பெயரைப் பாக்கெட்டில் போடுவதில் தடையில்லை. அங்கே விளைந்தது என்பது உண்மைதானே. ஆனால் பொருள் விளையும் இடத்தை மட்டுமே குறிக்கும் சொல்லை, 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, பொதுவாக ஒருவருக்கு மட்டும் உரியதாகப் பதிவுசெய்து தர மாட்டார்கள். உங்கள் தோட்டத்துக்குப் பெரியவர்கள் வைத்த பழைய பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதையே பெரிய எழுத்தில் போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘ஏற்காடு, சேர்வராயன் மலை’ என்று போடுங்கள். வணிகச் சின்னப் பதிவில் காப்பி 30-ஆம் வகுப்பில் வரும். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். அதே பெயரில் வேறு யாரும் முன்பே பதிவுசெய்திருக்கிறார்களா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த கவரையும் ஸ்டிக்கரையும் அச்சுக்குக் கொடுங்கள்.